ஈரப்பதம் குறைந்த கை

எங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் பதினேழு சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. வீரையனின் குறுவை நெல் பதினாறு காட்டியது. ஆகவே நெல் தேறியது. வீரையன்தான் தேறவில்லை.

ரேகை பதியும் மெஷினில் அவர் பத்து விரலையும் வைத்துப் பார்த்தார். நாற்பது வருஷம் சேற்றிலும் யூரியாவிலும் கிடந்த கை. ஒன்றும் விழவில்லை.

“உங்களுக்கு டிரை ஸ்கின்ணே. சென்சிட்டிவ் வேற” என்றார் பட்டியல் எழுத்தர் இளஞ்செழியன்.

“மழை வருது தம்பி. நெல்லு வெட்டவெளியில கெடக்கு.”

“மேல எழுதிக் கேக்குறேன்.”

அதிசயமாக உடனே பதில் வந்தது. ‘வறண்ட, எளிதில் பாதிப்புக்குள்ளாகும் சருமமுடைய விவசாயப் பெருமக்கள், ஆயுர்வேத மூலிகைத் தைலத்தை ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாட்கள், இரு கரங்களிலும் தடவி வர ஆவன செய்யப்பட வேண்டும். அக்காலத்தில் சேறு, உரம், குறிப்பாக நெல்லின் சுணை கரங்களில் படலாகாது.’

நெல்லை விற்க வேண்டுமென்றால் நெல்லைத் தொடக் கூடாது. நியாயம்தானே என்று தலையாட்டினோம். வரிசையில் முதல் ஆள் முடியாமல் அடுத்தவரைக் கூப்பிடக் கூடாது என்று இன்னொரு விதி. அதற்கும் ஆட்டினோம்.

அதுவரை எங்கள் ஊரில் எல்லோருக்கும் வெறும் தோல்தான் இருந்தது. ஒரே வாரத்தில் அது சருமமாகிவிட்டது. வீரையனுக்குப் பின்னால் நின்ற பதிமூன்று பேரும், எதற்கும் இருக்கட்டுமென்று, மன்னார்குடிக்குப் போய்த் தைலம் வாங்கினோம். நன்னாரி போட்டது உசத்தியா, வெட்டிவேர் போட்டதா என்று டீக்கடையில் சண்டை. “நமக்கு சூடு ஒத்துக்காதுங்க” என்று சாமிதுரை டீ கிளாஸைத் துண்டால் பிடித்தார்.

நெல்லைக் கிளறிக் காயவைத்ததும், வானம் இருட்டினால் படுதாவை இழுத்து மூடியதும் வீரையனின் மனைவி பூவம்மாள் மட்டும்தான். வீரையன் இரண்டு கையையும் தூக்கி வைத்துக்கொண்டு, “அந்த மூலையில ஒழுகுது பாரு” என்பார். பூவம்மாளின் கை வெடித்து ரத்தம் கசிந்தது. பார்க்கவே சங்கடமாக இருந்தது. உதவலாம்தான், கையில் தைலம். எங்கள் வீடுகளிலும் இதே ஏற்பாடுதான்.

நாற்பத்தொன்பதாம் நாள் மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது. நெல்லும் அதே பதினாறு. பூவம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. இளஞ்செழியன் வீரையனின் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார்.

“அண்ணே, நேத்து ஒரு சுற்றறிக்கை வந்துச்சு. விவசாயி பேர்ல வியாபாரிங்க நெல்லு போடுறாங்களாம். கையைத் தொட்டுப் பாத்து வாங்கச் சொல்றாங்க. இது விவசாயி கை இல்லையே.”

“நீங்கதானே தம்பி தைலம் தடவச் சொன்னீங்க?”

“அது பழைய சுற்றறிக்கைண்ணே.”

பூவம்மாள் தன் இரண்டு கையையும் மேஜைமேல் வைத்தாள். “இது யாரு கைன்னு சொல்லுங்க சார்.”

அவர் மரியாதையாக எழுந்தே நின்றுவிட்டார். “சத்தியமா விவசாயி கைம்மா. ஆனா இதுல ரேகை விழாதே. நெலத்துச் சிட்டாவும் உங்க பேர்ல இல்ல.”

வெளியே தூறல் விழ ஆரம்பித்தது. பின்னால் நின்ற நாங்கள் பதிமூன்று பேரும் அவரவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டோம். சும்மா சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தன.