கண்ணாடிக்கு எதிரே ஒரு கதவு

"அவருக்குக் காருக்கு மட்டும்தான் பெயிண்ட் அடிக்கத் தெரியும் அக்கா. வீட்டுச் சாமானுக்கெல்லாம் வராது. அதுக்குன்னு ஒரு கை வேணும்."

வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு (இரண்டு மாதமாக சைலன்சர் மாற்றவேண்டிய வண்டி) மாடிப்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. காது இருந்த இடத்தில் பேச்சு வந்து விழுந்தது. சொன்னவள் என் மனைவி. "ம்" என்று கேட்டுக்கொண்டவர் எதிர்வீட்டு அக்கா. இருவரும் மேலே வாசலில் நின்றிருந்தார்கள்.

ஒரு ஷூ கழன்றிருந்தது. இன்னொன்றைக் கழற்றக் கை வரவில்லை.

நான் கார் பட்டறையில் பெயிண்டர். இருபத்திரண்டு வருஷமாக. இடி வாங்கிய கார் வரும். ஒடுங்கியதைத் தட்டி நிமிர்த்துவது வேறு ஆள். அதற்கு மேல் என் ராஜ்யம். பள்ளத்தை நிரப்பப் பட்டி வைப்பேன். தேய்ப்பேன். பிரைமர் அடிப்பேன். கலர் கலந்து அடிப்பேன். கடைசியில் காரின் சொந்தக்காரரே வந்து தடவிப் பார்த்து, "எந்தப் பக்கங்க இடிச்சேன்?" என்று கேட்கவேண்டும். அப்படிக் கேட்டால் வேலை சுத்தம்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. வேலை நன்றாக இருந்தால், வேலை நடந்ததே யாருக்கும் தெரியாது. மோசமாக இருந்தால் ஊருக்கே தெரியும். அதனால் இருபத்திரண்டு வருஷத்தில் என்னைத் திட்டியவர்கள் முகமெல்லாம் ஞாபகம் இருக்கிறது. பாராட்டியவர் முகம் ஒன்றுகூட இல்லை. கண்ணுக்குத் தெரியாததை யார்தான் பாராட்டுவார்கள்? வீட்டில் ஒருத்தியாவது என் கையைப் பற்றி நல்லதாக நினைத்துக்கொண்டிருப்பாள் என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கைதான் அன்று படிக்கட்டில் உருண்டு வந்து என் காலடியில் விழுந்தது.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவள் பக்கம் ஒரு சாட்சி இருக்கிறது. சமையலறைக் கதவு.

பதினோரு வருஷத்துக்கு முன் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, ஃப்ரிட்ஜின் மூலை இடித்து அந்தக் கதவில் உள்ளங்கை அகலத்துக்குச் சில்லு பெயர்ந்தது. அன்றைக்கே பட்டி வைத்தேன். "நாளைக்கு பிரைமர்" என்றேன். அந்த நாளை இன்னும் வரவில்லை. பழுப்புக் கதவின் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. குளியலறைக் கதவு என்று ஒன்றும் இருக்கிறது. அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

"என்னங்க, அந்தக் கதவு..." என்று மாதாமாதம் ஆரம்பிப்பாள்.

"வாரத்துல ஆறு நாள் பெயிண்ட் வாசனைதான். ஏழாவது நாளும் அதையே மோந்துட்டு இருக்கணுமா?"

"ஒரே ஒரு கதவுதானே."

"இன்னைக்குக் கதவும்ப. நாளைக்கு ஜன்னலும்ப. வீட்டுக்குள்ள பிரஷைத் தொட மாட்டேன். அது என் கொள்கை."

எனக்கு இருப்பதே ஒரு கொள்கை. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சாப்பாட்டு மேஜையில்கூட அந்தக் கதவுக்கு முதுகைக் காட்டி உட்காரும் நாற்காலிதான் என்னுடையது. போன வருஷம் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கேட்பதை நிறுத்திய மனைவியைப் பார்த்துப் பயப்படவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

படியேறி உள்ளே போனேன். கூடத்தில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் ஒரு கண்ணாடி கிடந்தது. இலையும் கொடியுமாகச் செதுக்கிய மரச்சட்டம். காய்ந்துபோன டீக்கறையின் நிறம்.

"என்ன இது?"

"கண்ணாடி."

"அது தெரியுது. எதுக்கு?"

"பழைய சாமான் கடையில கிடந்துச்சு. பாவமா இருந்துச்சு."

"வண்டு அரிச்சிருக்கு."

"ரெண்டு ஓட்டைதான்."

"கலரே இல்ல."

"அதான் அடிக்கப் போறேன்."

"நீயா?"

"ஏன், நான் அடிச்சா ஒட்டாதா?"

அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். வகுப்புகளில் மிஞ்சிய சாக்பீஸ் துண்டுகளைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். அவற்றை இடித்துச் சலித்துத் தண்ணீரில் குழைத்து, சுவருக்கு அடித்து மிஞ்சிய வெளிர்பச்சை பெயிண்டில் கலந்தாள். பளபளப்பு போய், மாவு பூசியதுபோல் மெத்தென்று வருமாம். போன் வீடியோவில் ஒரு பெண் கையுறை போட்டுக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள். இருபத்திரண்டு வருஷ அனுபவம் இரண்டு முழ தூரத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறது. அதனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடித்து முடித்தாள். இடப்பக்கக் கீழ்மூலையில் பெயிண்ட் மூன்று சொட்டாக ஒழுகி நின்றது. நான் செய்தித்தாளுக்குத் திரும்பினேன். ஒரே செய்தியை நான்கு முறை படித்தேன்.

அவள் காலையில் ஏழரைக்குக் கிளம்புவாள். நான் ஒன்பதரைக்கு. நடுவில் இரண்டு மணி நேரம். வீட்டில் நானும் அந்த மூன்று சொட்டும் மட்டும்.

பிரஷைத் தொட மாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தேன். உப்புத்தாள் பிரஷ் இல்லையே? லேசாகத் தேய்த்தேன். தேய்த்த இடத்தில் மரம் தெரிந்தது. மரம் தெரிந்தால் மூடாமல் விடமுடியுமா? பஞ்சில் தொட்டு ஒற்றினேன். பஞ்சும் பிரஷ் இல்லை. ஒற்றும்போது பார்த்தால், இலைகளின் ஓரத்தில் எல்லாம் அங்கங்கே பழைய பழுப்பு எட்டிப் பார்க்கிறது. அடிக்காமல் விட்டிருக்கிறாள்! அதையும் மூடினேன். நகக்கண்வரை தேய்த்துக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

மாலையில் அக்கா வந்து குனிந்து பார்த்தார். "அடியே, நேத்து இங்க ஒழுகியிருந்துச்சே?"

"ஆமாக்கா. இந்தப் பெயிண்ட் காயக் காயத் தானாவே சமமாயிடும் போல."

தானாவே! டீ டம்ளரைக் கொஞ்சம் பலமாகவே கீழே வைத்தேன்.

"நல்ல பெயிண்டா இருக்கே," என்றார் அக்கா.

"எல்லாம் சாக்பீஸ்."

சொல்லிவிட்டு அவளும் குனிந்து பார்த்தாள். முகம் மாறியது. "ஓரமெல்லாம் மூடிக்கிச்சே," என்றாள். பெயிண்ட் அடிக்கும் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அந்த ஓரங்களில் மெழுகுவர்த்தியைத் தேய்த்திருக்கிறாள். மெழுகு பட்ட இடத்தில் பெயிண்ட் பிடிக்காது; உரசினால் உதிர்ந்து அடிமரம் தெரியும். வேண்டுமென்றே விட்டதை நான் வேலை மெனக்கெட்டு மூடியிருக்கிறேன். அவள் உப்புத்தாளை எடுத்து மறுபடி உரச ஆரம்பித்தாள்.

"ஏன், இருக்கிற பெயிண்டைச் சுரண்டுற?"

"பழசு தெரியணும்."

"பழசை மறைக்கத்தானே பெயிண்டு?"

"அது உங்க பட்டறையில. கார் அடிபட்டது. அதை மறைக்கிறீங்க, நியாயம். இது அடிபட்டது இல்லையே. யாரோ எத்தனையோ வருஷம் தொட்டுத் தொட்டுத் துடைச்சுத் துடைச்சுத் தேஞ்சது. அதையும் எதுக்குங்க மறைக்கணும்?"

"டீ ஆறிப்போச்சு," என்றேன்.

மறுநாள் காலை மறுபடி மூடிவிடுவது என்றுதான் போய் உட்கார்ந்தேன். கை போகவில்லை. அவள் கேட்டது உள்ளே நின்றுகொண்டிருந்தது. சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க வேறொரு தப்பு தெரிந்தது. இலைகளின் குழிக்குள்ளும் உரசிவைத்திருந்தாள். அங்கே யாருடைய விரல் போகும்? ஒரு நசுங்கலைப் பார்த்தால் கம்பம் எந்தப் பக்கம் இருந்தது, வண்டி முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்று நான் சொல்லிவிடுவேன். தேய்மானத்துக்கும் அப்படித் திசை இருக்கிறது. கண்ணாடி கோணினால் வலக்கைக் கட்டைவிரல் எங்கே பிடித்து நிமிர்த்தும்? துடைக்கிற துணி எந்த மேட்டில் உரசும்? அங்கேதான் தேயும். குழிகளை மூடினேன். மேடுகளைத் திறந்தேன். பிறகு இலை நுனிகளில் கொஞ்சம் வெள்ளை.

இங்கே பிரஷைத் தொட்டேன். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் துணியில் துடைத்துத் துடைத்து முக்கால்வாசி காய்ந்த பிரஷ். அதைப் படாமல் பட்டு இழுத்தால், மேட்டில் மட்டும் கோடு கோடாக வெள்ளை நிற்கும். காய்ந்த பிரஷ் பிரஷ் கணக்கில் வராது. பத்து நிமிஷத்தில் அந்தக் கொடி இப்போதுதான் துளிர்த்ததுபோல் ஆனது.

மாலையில் அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா வந்திருக்குல்ல?"

"பரவால்ல."

"சாக்பீஸ்தான்."

"ஆமா," என்றேன். "சாக்பீஸ்தான்."

அதற்குப் பிறகு ஒரு முக்காலி வந்தது. ஒரு மரத்தட்டு வந்தது. மாலையில் அவள் முறை, காலையில் என் முறை. இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முக்காலியின் கீழ்க்கட்டையில், கால் வைக்கும் இடத்தில் மட்டும் தேய்த்துவிட்டு, அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் அவள் வேலையில் ஒரு குறை இருக்கும். கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது. இரண்டு மணி நேரத்துக்குச் சரியாக இருக்கும். அப்போதாவது எனக்கு உறைத்திருக்கவேண்டும். உறைக்கவில்லை. பட்டறைக்கு விசிலடித்துக்கொண்டு போனேன். "வீட்டுல என்ன விசேஷம் மாஸ்டர்?" என்று கேட்டார்கள்.

ஒருநாள் அவள் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். "இதை எங்கங்க மாட்டலாம்?"

"எங்க வேணாலும் மாட்டு."

"அப்ப நானே பார்த்து மாட்டிடறேன்."

மாட்டினாள். அன்றிரவு சாப்பிட உட்கார்ந்து தலையை நிமிர்த்தினேன். எதிர்ச்சுவரில் என் முகம். முகத்துக்குப் பின்னால், இடது தோளுக்கு மேல், சமையலறைக் கதவு. கதவின் நடுவே சாம்பல் திட்டு. பதினோரு வருஷம் நான் முதுகு காட்டியது, இப்போது நானே பார்த்துப் பார்த்துச் செய்த இலைக்கும் கொடிக்கும் நடுவில், சட்டம் போட்டு என் எதிரே தொங்கியது.

நாற்காலியைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினேன். திட்டு வலது தோளுக்கு வந்தது. குனிந்துகொண்டே சாப்பிட்டேன்.

"கழுத்து வலிக்குதா?"

"இல்லையே."

"நிமிர்ந்து உக்காந்து சாப்பிடுங்க. அப்பத்தான் இறங்கும்."

இறங்கவில்லை. இரண்டாம் நாள் அந்தத் திட்டின்மேல் ஒரு துண்டைத் தொங்கவிட்டேன். துவைக்கவேண்டும் என்று எடுத்துப்போய்விட்டாள். நான்கு நாள் தாக்குப்பிடித்தேன். ஐந்தாம் நாள், காய்ச்சல் என்று பட்டறைக்குப் போன் செய்தேன்.

கைப்பிடியைக் கழற்றிவைத்துவிட்டுக் கதவைத் தேய்த்தேன். பட்டி நன்றாகக் காய்ந்திருந்தது. பதினோரு வருஷம் காய்ந்த பட்டி உலகத்தில் வேறெங்கும் இருக்காது. தேய்த்துக்கொண்டே வந்தவன், கைப்பிடிக்குச் சற்று மேலே நின்றுவிட்டேன். கதவின் ஓரத்தில் ஓர் இடம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. எதனால் என்று சட்டென்று பிடிபடவில்லை. கைப்பிடியைப் பிடிக்கும் கை அங்கே படாது. பிறகு புரிந்தது. இரண்டு கையிலும் பாத்திரம் இருக்கும்போது, ஒருத்தி கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு வருவாள். தினமும் இரண்டு வேளை, பதினோரு வருஷம். நான் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன்.

எழுந்து போய் அவளுடைய மெழுகுவர்த்தியைத் தேடி எடுத்துவந்தேன்.

பிறகு பிரைமர் அடித்தேன். வெளிர்பச்சை இரண்டு கை அடித்தேன். பிரஷால்தான். அந்த ஓரத்தில் மட்டும் முதலில் மெழுகுவர்த்தியைத் தேய்த்திருந்தேன். காய்ந்ததும் லேசாக உரசி, அந்த இடத்தை அது இருந்தபடியே விட்டேன்.

மாலையில் அவள் வந்தாள். பின்னாலேயே அக்கா. அவள் பையைக்கூட இறக்காமல் கதவின் முன்னே போய் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளங்கையால் மெல்லத் தடவினாள். மேலே, கீழே, மறுபடி மேலே.

"எங்கங்க இருந்துச்சு?" என்றாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கேள்வியை எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அன்றுதான் அது காதில் ஏறியது.

கை நகர்ந்து ஓரத்துக்கு வந்தது. நின்றது. கண்ணைத் திறந்தாள். முழங்கையை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள். பொருந்தியது.

அக்காவால்தான் சும்மா இருக்க முடியவில்லை. "நான் நம்பவே இல்ல தம்பி! அன்னைக்கு 'அவர் வண்டிச் சத்தம் கேக்குது, வாசலுக்கு வாங்கக்கா, நான் ஒண்ணு சொல்லுவேன், நீங்க ம்னு மட்டும் சொல்லுங்க'ன்னு இழுத்துட்டு வந்தா. இதெல்லாம் நடக்கிற காரியமான்னு நினைச்சேன். ஒழுகினதைக்கூட நான் துடைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டுட்டா!"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கதவைப் பார்த்தாள்.

"அப்ப எல்லாமே வேணும்னுதானா? மெழுகு தேய்ச்சதும்?"

"அது நிஜமாவே எனக்குப் பிடிச்சு செஞ்சது. அதைத்தான் நீங்க முதல்ல மூடினீங்க."

"நேராக் கேட்டிருக்கலாம்ல?"

"பத்து வருஷம் கேட்டேனே."

நான் பேச்சை மாற்றினேன். "சரி, கதவு எப்படி இருக்கு?"

"நல்ல கைங்க உங்களுக்கு," என்றாள்.

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, செய்தித்தாள் படிக்கும் என் நாற்காலியில் போய்ச் சாய்ந்தேன். அந்த நேரத்தில் சொத்தை எழுதிக் கேட்டிருந்தால்கூடக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். கண்ணாடியைக் கழற்றினாள். கொண்டுவந்து, என் நாற்காலிக்கு எதிர்ச்சுவரில், முன்பே அடித்துவைத்திருந்த ஆணியில், குளியலறைக் கதவு முழுதாகத் தெரியும்படி மாட்டினாள்.