மாரப்பன் மான் வேட்டைக்குப் போகிறார்

அமெரிக்காவுக்கு மான் வேட்டையாட வருவதாகத் தான் ஒப்புக்கொண்டுவிட்ட சேதி, டக்ளஸைக் கோயமுத்தூரில் விமானம் ஏற்றிவிட்டுத் திருப்பூர் திரும்பும்போது, காரில்தான் மாரப்பனுக்கே தெரியவந்தது.

"அவரு கூப்பிட்டதுக்கு நீங்கதான சார் யெஸ் யெஸ்னு தலையாட்டினீங்க?" என்றாள் அனுசுயா. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். மாரப்பனின் பனியன் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். இங்கிலீஷ் விவகாரத்தில் அவருக்குக் காதும் வாயும் அவள்தான்.

"ஊடு தேடி வந்த மனுசன் ஆசையாச் சொல்றப்ப இல்லைன்னு எப்படிக் கண்ணு சொல்றது? எல்லாத்துக்கும் ஆட்டற மாதிரி ஆட்டிப்போட்டேன்."

"இப்ப மாட்டேன்னு எழுதிருவோமா?"

மாரப்பன் பதறிப்போனார். டக்ளஸ் அமெரிக்காவில் வேட்டைக்காரர்களுக்கு உடுப்பு விற்பவர். இலையும் தழையுமாக அச்சடித்த பனியன்களை மாரப்பனிடம்தான் வாங்குகிறார். அது 2007ஆம் வருஷம். டாலர் இறங்கிக்கொண்டே போய், ஊரில் பல கம்பெனிகள் ஷிப்ட்டைக் குறைத்திருந்தன. மாரப்பன் கம்பெனி மூச்சு விடுவதே டக்ளஸ் ஆர்டரால்தான். அடுத்த வருஷத்து ஆர்டரை வேட்டை முடிந்த கையோடு அங்கேயே பேசிவிடலாம் என்று வேறு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ஆனால் மாரப்பனின் சங்கதி வேறு. கோழிக் குழம்பென்றால் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். அந்தக் கோழியை அறுக்கும்போது மட்டும் தெருமுனையில் போய் நின்றுகொள்வார். ரத்தத்தைப் பார்த்தால் அவருக்குக் கண் இருட்டிவிடும். கல்யாணம் ஆன புதிதில் மனைவி முத்தாத்தாளுக்கு அரிவாள்மனையில் விரல் வெட்டிக்கொண்டபோது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனது மாரப்பனைத்தான்.

"எனக்குத் துப்பாக்கி புடிச்சே பழக்கமில்லைன்னு பக்குவமா எழுது கண்ணு."

அனுசுயா எழுதினாள். மறுநாளே பதில் வந்தது. கவலையே வேண்டாமாம். ராய் என்று ஒரு வழிகாட்டியை அமர்த்தியாயிற்றாம். துப்பாக்கி, ஜீப், கூடாரம் எல்லாம் அவனே கொண்டுவருவானாம். எந்த இடத்தில் உட்காருவது, எப்போது சுடுவது என்று காதோடு காதாகச் சொல்லித் தருவானாம். கூடவே அந்த மானின் படமும் வந்திருந்தது. ப்ராங்ஹார்ன் என்று பெயர். வெள்ளாட்டுக்கு மான் வேஷம் போட்ட மாதிரி, கவட்டைக் கொம்போடு மாரப்பனையே பாவமாகப் பார்த்தது.

"ஒரு வழி இருக்கு சார். அந்த மானைச் சுட லைசென்ஸ் வேணும். அதைக் குலுக்கல் போட்டுத்தான் குடுப்பாங்களாம்."

மாரப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இத்தனை வருஷத்தில் எந்தக் குலுக்கலிலும் அவருக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர்கூட விழுந்ததில்லை. நிம்மதியாக மனுப் போடச் சொன்னார்.

முதல் தடவையிலேயே விழுந்தது.

சேதி கேட்ட மைத்துனன் தங்கவேலு, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டான். 'அமெரிக்கா செல்லும் வேட்டை வேங்கையே' என்று போட்டு, மாரப்பன் தலையை யாரோ ஒருவனின் உடம்பில் ஒட்டி, கையில் துப்பாக்கியும் காலடியில் சிங்கமும் கொடுத்திருந்தான்.

"மானுதானே மாப்ள சுடப் போறேன்? சிங்கம் எதுக்கு?"

"இருக்கட்டுங்க மச்சான். ஒரு கெத்துக்கு."

அதற்கப்புறம் டீக்கடையில்கூட அவரை வேங்கை என்றுதான் கூப்பிட்டார்கள். இனிப் போகாமல் இருந்தால் ஊருக்குள் தலை காட்ட முடியாது.

மாரப்பன் விடவில்லை. வேட்டை நடப்பது புரட்டாசியில். "எங்க பக்கம் அந்த மாசம் கவுச்சி தொட மாட்டோமுன்னு எழுதிப்போடு" என்றார். அதற்கும் பதில் வந்தது. நீங்கள் ஒரு துண்டுகூடச் சாப்பிட வேண்டாம், தலையை மட்டும் பாடம் பண்ணித் திருப்பூருக்கு அனுப்பிவைக்கிறேன், ஆபீசில் உங்கள் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டிக்கொள்ளுங்கள் என்று.

இதற்கிடையில் விரதப் பேச்சு முத்தாத்தாள் காதுக்குப் போய்விட்டது. அவள் உருகிப்போனாள்.

"ஏனுங்க, புரட்டாசி வரைக்கும் எதுக்குக் காத்திருக்கோணும்? நீங்க நல்லபடியா வேட்டையாடிட்டு வர்ற வரைக்கும் நம்ம ஊட்டுல கவுச்சியே இல்லைன்னு பெருமாளுக்கு வேண்டிக்கிட்டனுங்க."

மானைக் காப்பாற்றப் போய் கோழிக் குழம்பும் போயிற்று. அன்று ராத்திரி பீர்க்கங்காய்க் கூட்டைப் பிசைந்துகொண்டே மாரப்பன் தன் தலையில் தானே அடித்துக்கொண்டார்.

கடைசியாக விசாவை நம்பினார். மான் சுடப் போகிறேன் என்று சொன்னால் எந்த அதிகாரி கொடுப்பான்? மெட்ராஸ் போய், கேட்ட முதல் கேள்விக்கே ஒளிக்காமல் சொன்னார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த வெள்ளைக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. அவருக்கும் சொந்த ஊர் அந்தப் பக்கம்தானாம். விசா கிடைத்ததோடு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து உட்காரும்படி புத்திமதியும் கிடைத்தது.

புறப்பட நாலே நாள் இருந்தது. மாரப்பன் அறைக் கதவைச் சாத்திவிட்டு அனுசுயாவை உட்காரவைத்தார்.

"அந்த வழிகாட்டிப் பையனுக்குப் போனைப் போடு கண்ணு. நான் வர்றேன், அவன் சொல்ற இடத்துல உக்காந்துக்கறேன், துப்பாக்கியும் புடிச்சுக்கறேன். ஆனா என்ற துப்பாக்கியில குண்டு மட்டும் போட வேண்டாமுன்னு சொல்லு. மான் தப்பிச்சுப் போச்சுன்னு சொல்லிக்கலாம். டக்ளஸுக்கு மட்டும் இது தெரியவே கூடாது. தெரிஞ்சா மானம் போயிரும், ஆர்டரும் போயிரும்."

அனுசுயா ராயிடம் அத்தனையும் சொன்னாள். மறுமுனையில் ஸ்பீக்கர் அதிர ஒரு சிரிப்பு. அப்புறம் நீளமாக ஏதோ பேச்சு. கேட்கக் கேட்க அனுசுயாவின் கண்கள் அகன்றுகொண்டே போயின.

மாரப்பன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "மாட்டேங்கறானா கண்ணு? டக்ளஸ்கிட்டச் சொல்லிப்போடுவானாமா?"

"அதில்ல சார்." அனுசுயா போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "நேத்து டக்ளஸும் போன் பண்ணி, 'எனக்கும் இதுதான் மொத வேட்டை, ரத்தம் பாத்தா மயக்கம் வந்துரும், ஒரு மரியாதைக்குத்தான் கூப்பிட்டேன், மாரப்பன் ஆசையாத் தலையாட்டிட்டாரேன்னுதான் வாறேன், என் துப்பாக்கியில குண்டு போடாதே, அவருக்குத் தெரிஞ்சா மானம் போயிரும்'னு கெஞ்சினாராம், விஷயத்தை மானுக்காவது சொல்லிரவா, இல்ல அதையும் சும்மா ஓட விடணுமான்னு கேக்காரு சார்."