ஒரு சொட்டுகூட இல்லாத டப்பா

வருகிற ஞாயிற்றுக்கிழமை பந்தயத் திடலில் தன் காரைத் தானே ஓட்டுவது என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சபதம் எடுத்து மூன்று வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகள் தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தன. கார்தான் வரவில்லை. வந்தாலும் நீலப் புகையோடு வந்தது.

பழைய காருக்கு டர்போ மாட்டி அதன் வேகத்தை இரண்டு மடங்காக்கியவர் அவர்தான். புகையை நாலு மடங்காக்கியவரும் அவர்தான். பிஸ்டன் ஏறி இறங்கும்போது கொஞ்சம் காற்று பக்கவாட்டில் நழுவி, கீழே ஆயில் இருக்கும் அறைக்குள் இறங்கிவிடும். இறங்கியது சும்மா இருக்குமா? ஆயிலை ஆவியாக இழுத்துக்கொண்டு ஒரு குழாய் வழியே வெளியேறி, திரும்ப என்ஜினுக்குள்ளேயே போய்விடும். அந்த ஆயில் எரிவதால்தான் புகை. இது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். தெரிந்தும் அவர் செய்த முதல் வைத்தியம், அந்தக் குழாயில் ஒரு தக்கையை வைத்து அடைத்ததுதான்.

கார் ஷெட்டில் பானெட்டைத் திறந்து வைத்து என்ஜினை உறுமவிட்டார். புகை நின்றது. மனுஷனுக்கு வாயெல்லாம் பல். அரை நிமிஷம்தான். போக வழியில்லாத காற்று, ஆயில் அளவு பார்க்கும் குச்சியைப் பிடுங்கி எறிந்தது. குச்சியின் பின்னாலேயே ஆயில் பீய்ச்சி அடித்தது. எதிரே கொடியில் வெள்ளை வெளேரென்று படுக்கை விரிப்பு காய்ந்துகொண்டிருந்தது.

அவர் மனைவி கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர். விரிப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஷெட் வாசலில் வந்து நின்றாள்.

"என்னங்க இது?"

"ஆயில்."

"அது தெரியுது. என் பெட்ஷீட்ல அதுக்கு என்ன வேலை?"

"காத்து தள்ளிடுச்சு. மூச்சு விடுற குழாய அடைச்சுப் பார்த்தேன்."

"உங்க மூக்கையும் வாயையும் சேர்த்து நான் அடைச்சா சும்மா இருப்பீங்களா?"

நியாயமான கேள்வி.

"இந்த ஞாயித்துக்கிழமை நான் ஓட்டறேன்" என்றாள்.

அவருக்குப் பகீரென்றது. "ஒரு கார ஒரு ஆளுதான் ஓட்டலாம்!"

"அதான் சொல்றேன், நான் ஓட்டறேன். இருபது வருஷமா பக்கத்து சீட்ல உக்காந்து பிரேக் மேல கால வச்சிருக்கேன். நாப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல ஒரு நாளும் போனதில்ல. எனக்கும் ஆசை இருக்காதா?"

"மூணு வருஷமா கையெல்லாம் கரியாக்கிக்கிட்டவன் நான்!"

"புகை நிக்கலையே?"

"நிறுத்திக் காட்டறேன்! குழாய்க்கு நடுவுல ஒரு டப்பா வைப்பேன். ஆயில் எல்லாம் டப்பாவுல தங்கிடும். வெறும் காத்து மட்டும் என்ஜினுக்குப் போகும்."

அவள் யோசித்தாள். "சரி. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு நான்தான் டப்பாவத் திறந்து பார்ப்பேன். அதுவரைக்கும் நீங்க கை வைக்கக் கூடாது. டப்பா ஒழுங்கா வேலை செஞ்சா நீங்க ஓட்டுங்க. இல்லன்னா நான்."

கடைசி இரண்டு வாக்கியம்தான் அவர் காதில் விழுந்தது.

அன்றைக்கே வேலையில் இறங்கிவிட்டார். சமையலறையில் இருந்த எவர்சில்வர் டப்பா ஒன்று ஷெட்டுக்குக் குடிபோனது. அதிலிருந்த சர்க்கரை காகிதப் பைக்குக் குடிபோனது. டப்பாவில் உள்ளே போக ஒரு துளை, வெளியே வர ஒரு துளை. நடுவில் பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருளை உதறித் திணித்தார். ஆவி அந்தக் கம்பியில் மோதிக் குளிர்ந்து சொட்டாகி அடியில் தங்க வேண்டும். மூடிக்கு ரப்பர் வளையம் போட்டு இறுக்கினார். கண்ணாடிக்கு ஃப்ரேம் மாட்டிப் பழகிய கை. வேலை கச்சிதம்.

செவ்வாய்க்கிழமை கடையிலிருந்து நேரே வீட்டுக்கு வராமல், ஊருக்கு வெளியே பெரிய சாலையில் ஒரு விரட்டு விரட்டிவிட்டு வந்தார். துளிப் புகை இல்லை. ஐந்தரை மணிக்கு, பார்க்காமல் இருக்க முடியாமல் மூடியைத் திறந்தார்.

அடியில் மூன்று கரண்டி கறுப்புக் குழம்பு.

டப்பா வேலை செய்கிறது என்று குதித்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, இதைப் பார்த்தால் அவள் என்ன சொல்வாள் என்ற பயம்தான் முதலில் வந்தது. 'இவ்வளவு ஆயில் கக்குதா? இந்த என்ஜினயா ஓட்டப் போறீங்க?' என்பாள். ஞாயிறு போச்சு.

கறுப்பை ஒரு ஜாம் பாட்டிலில் ஊற்றி அலமாரிக்குப் பின்னால் ஒளித்தார். கொட்டிவிட மனசு வரவில்லை. அவர் டப்பா பிடித்த முதல் ஆயில் ஆயிற்றே! பிறகு சமையலறை சோப்பைப் போட்டு டப்பாவையும் கம்பியையும் பளபளவென்று கழுவித் துடைத்து மாட்டினார்.

ஆறு மணிக்கு அவள் வந்தாள். மூடியைத் திறந்தாள். குனிந்தாள். ஒரு தடவை மோந்து பார்த்தாள்.

"அட, ஒரு சொட்டுகூட இல்லையே!"

"யார் செஞ்ச டப்பா?" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

"அதானே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

புதன், வியாழன், வெள்ளி, சனி. தினமும் ஐந்தரைக்குக் கழுவல், ஆறுக்குப் பாராட்டு. சனிக்கிழமை மூடியை மூடியபோது கை குலுக்குவாள் என்று எதிர்பார்த்துக் கையை நீட்டினார். அவள் கார் சாவி வேண்டும் என்பதுபோலத் தன் கையை விரித்தாள்.

"சாவியக் குடுங்க."

"எதுக்கு? நான்தானே ஜெயிச்சேன்?"

"அஞ்சு நாளா டப்பாவுல ஒரு சொட்டு இல்ல. பட்டறை வச்சிருக்கிற எங்க அண்ணன்கிட்ட கேட்டேன். டர்போ போட்ட பழைய என்ஜின்னா டப்பாவுல கொஞ்சமாவது ஆயில் சேரணுமாம். ஒண்ணுமே சேரலன்னா எல்லாம் என்ஜினுக்கே திரும்பப் போகுதுன்னு அர்த்தமாம். ஆக, டப்பா வேலை செய்யல."

"வேலை செய்யலையா?" அவருக்கு ரத்தம் கொதித்தது. திட்டட்டும், தாங்கலாம். டப்பாவைக் குறை சொன்னால் தாங்க முடியுமா? ஒரே பாய்ச்சலில் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு ஜாம் பாட்டிலை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "இது என்ன? அஞ்சு நாள் ஆயில்! தினமும் மூணு கரண்டி! இப்ப சொல்லு, வேலை செய்யுதா இல்லையா?"

அவள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"பிரமாதமா வேலை செய்யுது. எனக்கு செவ்வாய்க்கிழமையே தெரியும்."

"எப்படி?"

"டப்பாவுல எலுமிச்சை வாசம். நம்ம பாத்திர சோப்பு. என்ஜின் எலுமிச்சம்பழமா பிழிஞ்சு குடிக்குது?"

அவர் டப்பாவைத் திறந்து தானும் மோந்து பார்த்தார்.

"டப்பா மேல எனக்குச் சந்தேகமே இல்லங்க. கை வைக்கக் கூடாதுன்னு சொன்னேன், வச்சீங்க. பின்னால வர்ற வண்டியக் கண்ணாடியில பார்த்துட்டுப் பார்க்கலன்னு சொல்ற ஆளுக்கு நான் லைசன்ஸ் வாங்கித் தரமாட்டேன். புருஷனுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"அப்ப நாளைக்கு நான் வீட்லயே கிடக்கணுமா?" நிஜமாகவே அழுகை வந்தது அவருக்கு.

"சேச்சே, உங்கள விட்டுட்டுப் போவேனா? புதன்கிழமையே விண்ணப்பம் குடுத்தாச்சு. உங்க பேரும் இருக்கு."

கைப்பையிலிருந்து நகலை எடுத்து நீட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆவலாகப் படித்தார். ஓட்டுபவர் என்ற இடத்தில் அவள் பேர். உதவியாளர் என்ற இடத்தில் அவர் பேர். பக்கத்தில், பணி என்ற கட்டத்தில், டீச்சரின் முத்து முத்தான எழுத்து:

'டப்பா கழுவுதல். சோப்பு அவரே கொண்டுவருவார்.'