தெர்மாகோல் பெட்டியில் ஆறு மூளை

படித்தவர்கள் சொந்தக்காரர்கள் நடுவே தங்கள் படிப்பைப் பற்றிப் பேசக் கூடாது. அப்படியே பேசினாலும், கறிச்சோற்றுப் பந்தியில் பேசவே கூடாது. வயிறு நிறைந்த சந்தோஷத்தில் கேட்பவர்கள் எதையும் நம்பிவிடுவார்கள்; சொல்பவரும் கொஞ்சம் கூட்டியே சொல்லிவிடுவார். நான் சொன்னேன்.

அப்போது நான் மதுரையில் முனைவர் பட்ட ஆய்வில் மூன்றாவது வருடம் இருந்தேன். தலையில் அடிபட்டால் மூளை வீங்கும். வெளியே தெரிகிற காயத்தைவிட அந்த வீக்கம்தான் பல பேரை முடித்துவிடுகிறது. வீக்கத்தைக் குறைக்கும் மருந்தை, இறால் ஓட்டிலிருந்து எடுத்த ஒரு பொருளுக்குள் பொதிந்து, கண்ணுக்கே தெரியாத நானோ துகள்களாக்கி ரத்தத்தில் செலுத்தினால், அது அடிபட்ட இடத்துக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது என் வேலை. பார்ப்பது எலியில். அதாவது எலிக்கு மயக்கம் கொடுத்து, அதன் மண்டையில் அளவாக ஓர் அடி அடித்து, பிறகு அதற்கு வைத்தியம் பார்ப்பது. (இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் வீட்டில் யாரிடமும் நான் சொன்னதில்லை.)

எங்கள் ஊர் பேரையூர்ப் பக்கம். தங்கபாண்டி அண்ணன் என் பெரியப்பா மகன். கிணற்று மோட்டார் ரிப்பேர் பார்ப்பவர். எந்தக் காட்டில் எந்த மோட்டாரில் எந்த வருடம் காயில் கருகிப்போனது என்று மனப்பாடமாகச் சொல்வார். அவர் மகளுடைய காதுகுத்தில்தான் என் வாய்க்குச் சனி பிடித்தது.

"ஊசியில போட்டா, நேரா அடிபட்ட எடத்துல போயி நிக்கும் பெரியப்பா" என்றேன்.

"வழி கேக்காமயா?"

"கேக்காமத்தான்."

பந்தி அசந்துபோனது. 'நல்லா வேலை செய்யுது, பாத்துட்டோம்' என்றும் சொன்னேன். யாரிடம் பார்த்தோம் என்பதை அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அண்ணன் எலும்பை இலை ஓரமாகத் தள்ளிவிட்டு, "அப்ப இனிமே ஹெல்மெட்டு எதுக்கு? அதான் நம்ம தமிழு இருக்கால்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம். "மொத ஊசி ஒங்களுக்குத்தான்ணே" என்று வேறு சொல்லிவைத்தேன்.

சில மாதம் கழித்து, ஆறு எலிகளின் மூளையை எடுத்துக்கொண்டு வெளியூர் ஆய்வகம் ஒன்றுக்குப் போனேன். மூளையை வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவும் இயந்திரம் அங்கே இருந்தது. நான் போன அன்று அது பழுது. ஐஸ் பைகள் வைத்த தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்தபடியே திரும்பி வந்து, மத்தியானம் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். அப்போது போன் வந்தது. முத்துலட்சுமி மதினி. அண்ணனின் மனைவி.

"தமிழு... ஒங்கண்ணன் கெடக்காருடி. ரோட்டுல மாடு குறுக்க வந்து, வண்டியோட விழுந்துட்டாரு. மண்டையிலதான் அடி. பேச்சு மூச்சில்ல."

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். சொன்னார். ஹெல்மெட் போட்டிருந்தாரா என்று கேட்க வாய் வரவில்லை.

"அந்த மருந்த எடுத்துட்டு வாடி" என்றார் மதினி.

"வாரேன் மதினி" என்றேன்.

'மருந்து இல்லை மதினி' என்று சொல்ல எனக்கு நாலு விநாடி ஆகியிருக்கும். போனில் அழுகிற ஒருத்தியிடம் அதை எப்படிச் சொல்வது, நேரில் போய்ப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பெட்டியை என்ன செய்வது என்று நினைக்கவே இல்லை. அதோடேயே ஆட்டோவில் ஏறினேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே எங்கள் ஊரில் பாதி நின்றது. என்னை முதலில் பார்த்தவர் பெரியப்பா. என்னை என்றா சொன்னேன்? பெட்டியை.

"வழி விடுங்கப்பா! மருந்து வந்திருச்சு! ஐஸுல வச்சுக் கொண்டாந்திருக்கு எம்புள்ள!"

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மதினி ஓடிவந்து பெட்டியை என் கையிலிருந்து வாங்கினார். வாங்கி, இரண்டு கண்ணிலும் மாறி மாறி ஒற்றிக்கொண்டார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, அழகர்கோவில் துளசியை எடுத்து மூடிமேல் வைத்தார்.

"மதினி, ஒரு நிமிசம்..." என்றேன்.

"பேசாத தாயி, நீ ஆக வேண்டியதப் பாரு" என்றார் பெரியப்பா.

பக்கத்து பெஞ்சில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். சட்டைத் தோளில் மல்லிகைச் சருகு ஒட்டியிருந்தது. எழுந்து வந்து என் முன்னால் கைகூப்பினார். அவருக்கு என் அப்பா வயது.

"அம்மா, எம்மகனும் உள்ளதான் கெடக்கான். மூணு நாளாச்சு. அவனுக்கும் ஒரு சொட்டு குடுப்பீகளா?"

சட்டைப் பையிலிருந்து மகனின் காலேஜ் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். நம்பிக்கை வரட்டும் என்பதுபோல. "நல்லாப் படிப்பான்மா" என்றார். நல்லாப் படிக்காதவனுக்கு மருந்து கிடையாது என்று நான் சொல்லிவிடுவேனோ என்று பயந்தவர் மாதிரி.

அவருக்குப் பின்னால் ஒரு அம்மாள் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். "தள்ளாதீங்க, வரிசையா வாங்க" என்று என் சித்தப்பா ஒருவர் ஒழுங்குபடுத்த ஆரம்பித்துவிட்டார். அந்த வராந்தாவில் அம்புட்டு மரியாதை எனக்கு. என் முனைவர் பட்ட விழாவில்கூட எனக்காக இத்தனை பேர் எழுந்து நிற்கவில்லை.

சத்தம் கேட்டு மூளை அறுவை மருத்துவர் வெளியே வந்தார். இளவயதுக்காரர், தூங்கி ரெண்டு நாள் ஆன முகம்.

"யாரு மருந்து கொண்டு வந்தது? நீங்க டாக்டரா?"

"டாக்டர்தான் சார்... ஆகப் போறேன்... பிஎச்.டி."

"பெட்டியில என்ன?"

நான் முனகினேன்.

"சத்தமாச் சொல்லுங்க."

"மூளை சார்."

"யாரோட மூளை?"

"எலியோடது. ஆறு எலி."

மதினி கையிலிருந்த பெட்டி மெதுவாகக் கீழே இறங்கியது. துளசி நழுவித் தரையில் விழுந்தது. வரிசையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மருத்துவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரித்திருந்தால்கூடத் தேவலை. அவர் என்னை, இத்தனை வேலைக்கு நடுவில் இது வேறா என்பதுபோலப் பார்த்தார்.

பெரியப்பா மட்டும் நம்பிக்கையை விடவில்லை. "அந்த எலிகளுக்கு நீதான் மருந்து போட்டியா தாயி?"

"மூணுக்குப் போட்டேன் பெரியப்பா."

"போட்ட மூணும் பொழச்சிருச்சா?"

"பொழச்சிருச்சு."

"அப்பொறம் எப்படி மூள பெட்டிக்குள்ள வந்துச்சு?"

"எப்படிப் பொழச்சுச்சுன்னு பாக்கணும்ல... அதுக்காகக் கொன்னு..."



மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அழுகையைத் துடைக்கிற துடைப்பில்லை அது. பெட்டியை ஒற்றிய இடத்தைத் துடைக்கிற துடைப்பு. துடைத்துத் துடைத்து இமை சிவந்துவிட்டது. பிறகு என்னிடம், ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"அப்ப மருந்துன்னு ஒண்ணு இல்லவே இல்லையா?"

"மனுசருக்கு இன்னும் வரல மதினி."

"எப்ப வரும்?"

"பத்து வருசம் ஆகலாம். வராமலே போனாலும் போகலாம்."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லடி" என்றார். திட்டியிருந்தால் இந்நேரம் நான் மறந்திருப்பேன்.

வீக்கத்துக்கு இடம் கொடுக்க மண்டை ஓட்டில் ஒரு பகுதியை உடனே எடுக்க வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்றார் மருத்துவர். அந்தக் குடும்பத்தில் அந்தத் தாளைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் நான். இரண்டு வரி விளக்கியிருப்பேன். "டாக்டரே சொல்லட்டும்த்தா" என்று பெரியப்பா என்னை ஒதுக்கிவிட்டார். தப்பில்லை. மருத்துவர் சொன்னதும் நான் சொன்னதும் ஒன்றேதான். ஆனால் அவர் பெட்டி கொண்டு வரவில்லை.

பூ மார்க்கெட்டுக்காரர் அடையாள அட்டையைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். "பரவாயில்லம்மா" என்றார் என்னிடம். மறுநாள் காலை நான் போனபோது அந்த பெஞ்சில் வேறு யாரோ இருந்தார்கள். அவரைப் பற்றி நர்ஸிடம் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அவர் மகன் என்ன ஆனான் என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பெட்டியைக் காவலாளி வாங்கித் தன் அறையில், தன் சாப்பாட்டுத் தூக்குச்சட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். மூன்று நாள் கழித்து ஞாபகம் வந்து நான் போய்க் கேட்டபோது, ஐஸ் உருகி எல்லாம் வீணாகியிருந்தது. என் பேராசிரியை நடந்ததை முழுவதும் கேட்டுவிட்டு, "பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனாயா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஆய்வை மறுபடி முதலிலிருந்து செய்தேன். அதாவது, மறுபடி ஆறு எலி.

அண்ணன் பிழைத்தார். கத்தியாலும் உறிஞ்சுகுழாயாலும் அந்தத் தூங்காத மருத்துவரின் கையாலும் பிழைத்தார். நானோ துகளுக்கு அதில் பங்கில்லை. எடுத்த எலும்பைப் பல மாதம் கழித்துத் திரும்ப வைத்தார்கள். வலது கை பாதிதான் மடங்குகிறது. மோட்டாரைக் கழற்றிவிடுவார்; திரும்ப மாட்டத் தெரியாமல் உதிரிகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ரிப்பேர்க் கடையை இப்போது மதினி பார்க்கிறார். நன்றாகவே ரிப்பேர் செய்கிறார்.

அண்ணன் மயக்கத்தில் கிடந்தபோது நடந்த பெட்டிக் கதையை யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. பல விஷயங்கள் மறந்துபோகிற அண்ணனுக்கு இது மட்டும் மறக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே யாரிடம் சொன்னோம் என்பது மறந்துவிடும். அதனால் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். வீட்டில் எல்லோரும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பார்கள். மதினிகூடச் சிரிப்பார்.

போன பொங்கலுக்குப் போயிருந்தேன். சாயங்காலம் அசந்திருந்தால் அண்ணனுக்கு ஆள் அடையாளம் பிடிபடாது. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். தலையில் உள்ள தழும்பைத் தடவிக்கொண்டே ஆரம்பித்தார்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருக்காம்மா, தமிழுன்னு. நான் சாகக் கெடக்கேன். அவ ஒரு பெட்டி நெறையா எலி மூளையத் தூக்கிக்கிட்டு வந்து நிக்குறா..."

முழுக் கதையையும் சொன்னார். துளசியைக்கூட விடவில்லை. நானும் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தேன். முடித்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தபடி என்னைக் கேட்டார்.

"நீங்க அவளப் பாத்திருக்கீகளா?"

"பாத்திருக்கேண்ணே" என்றேன். "கொஞ்சம் வாய் ஜாஸ்தி."

"ஆனா நல்ல பிள்ள" என்றார் அண்ணன்.