நூற்றெண்பத்தேழு புள்ளிகள்

கண் ஆபரேஷன் முடிந்து தாய்வீட்டில் ஓய்வெடுக்கும் என் அன்பு மருமகளுக்கு,

மாமா ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் சௌக்கியம். தொலைபேசிக்குத்தான் இரண்டு நாள் அலறித் தொண்டை கட்டியிருக்கிறது. டாக்டர் சொன்ன பத்து நாளும் கம்ப்யூட்டர், செல்போன் எதையும் பார்க்காதே. குறிப்பாக உன் மெயிலைப் பார்க்காதே. இதை உனக்கு வாசித்துக்காட்டும் சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். நடுவில் ஓரிடத்தில் பதற்றமாக இருக்கும். நிறுத்தாமல் வாசித்தால் சரியாகிவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டிலிருந்தே நீ மெயிலும் வெப்சைட்டும் பார்த்துக்கொடுக்கும் வாடிக்கையாளர்களில் ஒருவருக்காக, போன வியாழக்கிழமை கட்டுப்போட்ட கண்ணோடு போனில் சொன்னாயே, “மாமா, நீச்சல் மாஸ்டரோட பக்கத்தைத் திறந்து அவரோட புது மெஷின் நம்பரை மட்டும் போடுங்க. மேல இருக்கிற வரிசை எண்ணை ஒண்ணு கூட்டுங்க, அப்பத்தான் மாத்தினது எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். வேற எதையும் தொடாதீங்க” என்று. உன் புருஷன் கப்பலில் இருக்கிறான், வீட்டில் வேறு ஆள் இல்லை என்று நானே உட்கார்ந்து பத்து நிமிடத்தில் முடித்தேன். அப்போதே எழுந்து போயிருக்கலாம். ஆனால் முப்பத்தொரு வருஷம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன், கண்ணில் பட்ட பிழையை அப்படியே விட்டுவிட்டுப் போனால் சோறு தொண்டையில் இறங்குமா? எந்த டொமைனைக் கேட்டால் எந்த மெஷினுக்குப் போக வேண்டும், யாருக்கு வரும் மெயில் எங்கே இறங்க வேண்டும் என்று நீ எழுதிவைத்த டிஎன்எஸ் பக்கத்தில், ஒவ்வொரு பெயரின் வாலிலும் ஒரு புள்ளி நிற்கிறது. வாக்கியம் முடிந்தால் முற்றுப்புள்ளி, சரி. பெயர் முடிந்ததற்கு எதற்கு? அடுத்த பக்கத்தைத் திறந்தால் அங்கேயும் புள்ளி. பாவம், பார்வை மங்கிய பெண், கை தவறி வைத்திருக்கிறாள், இத்தனை நாள் இந்தக் கண்ணோடு எப்படித்தான் வேலை செய்தாளோ என்று எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. அறுபத்திரண்டு டொமைன்களின் பக்கங்களையும் அச்செடுத்து, சிவப்பு மையால் குறித்து, இரண்டு நாள் முதுகு ஒடிய உட்கார்ந்து, மொத்தம் நூற்றெண்பத்தேழு புள்ளிகளையும் நீக்கினேன். நீ சொன்னதை மறக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் வரிசை எண்ணை ஒன்று கூட்டினேன்.

திங்கட்கிழமை காலை முதல் போன் பல் டாக்டர். மெயில் வரவில்லையாம். அதை வைப்பதற்குள் டிரைவிங் ஸ்கூல். பிறகு பூட்டு ரிப்பேர்காரர், பாட்டு டீச்சர், ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு ஒருவருக்கொருவர் மெயில் அனுப்பிப் பார்த்த வக்கீல்கள் மூன்று பேர். உன் அத்தை போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். “என்னத்தத் தொட்டீங்க?” “தொடலை. திருத்தினேன்.” “ரெண்டும் ஒண்ணுதான்” என்றாள். பதினொரு மணிக்கு மெத்தைக் கடைக்காரர் நேரிலேயே வந்துவிட்டார். ஒரு ஓட்டல் நாற்பது மெத்தைக்கு ஆர்டர் அனுப்பியதாம், இவருக்கு வந்து சேரவில்லையாம். “நாளைக்குள்ள சரியாகலைன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்” என்றார். நான் குளியலறையில் இருந்தேன், குளிக்கவில்லை. வாடிக்கையாளர்களைப் பற்றி நீ குறித்துவைத்திருக்கும் நோட்டை அத்தைதான் புரட்டினாள். அவர் பெயருக்கு நேரே, ‘கோபக்காரர். முதலில் முழுக்கப் பேச விடவும்’ என்று நீ எழுதியிருக்கிறாய். அவளும் அவரை இருபது நிமிடம் பேச விட்டு, தண்ணீர் கொடுத்து, “நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கங்க, என் மருமக பேரு கெட்டுப்போக விடமாட்டேன்” என்றாள். வெளியே வந்த என் கையில் உன் நோட்டைத் திணித்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

உன் நோட்டின் கடைசிப் பக்கத்தில், நீ மெஷின் வாடகைக்கு எடுத்திருக்கும் கம்பெனியின் எண் இருந்தது. ஒரு பெண் பேசினாள். சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஐயா, பெயருக்குக் கடைசியில ஒரு புள்ளி இருந்துச்சா?” என்றாள். “இருந்தது. எடுத்துட்டேன்.” “எந்த இடத்துல?” “எல்லா இடத்துலயும்.” பிறகு, “வரிசை எண்ணையாவது கூட்டாம விட்டீங்களா?” என்றாள். “ஒண்ணு விடாம கூட்டினேன்மா” என்றேன் பெருமையாக. “ஐயோ, அதைக் கூட்டாம இருந்தா ஒண்ணுமே ஆகியிருக்காதே!” பெயர் அத்தோடு முடிந்தது என்பதற்குத்தான் அந்தப் புள்ளியாம். அது இல்லாவிட்டால் பெயர் இன்னும் முடியவில்லை என்று நினைத்து, மெஷின் அதே டொமைனை இன்னொரு தரம் பின்னால் ஒட்டிக்கொள்ளுமாம். குட்டியாக விட்ட பெயரை அப்படி ஒட்டித்தான் முழுப்பெயர் ஆக்குமாம். இரண்டு நாளாக உலகத்து மெயிலெல்லாம் இல்லாத ஆளைத் தேடி அலைந்திருக்கிறது. புள்ளி போனால் ‘பல்’ ‘பல’ ஆகிவிடும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். ஒரு புள்ளியின் கனம் எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது. நல்லவேளை, அச்செடுத்து வைத்த பக்கங்கள் இருந்தன. நீக்கியதை ‘அப்படியே இருக்கட்டும்’ என்று சொல்ல எழுத்துக்கு அடியில் புள்ளிகள் போடுவது எங்கள் தொழில் வழக்கம். அதையே செய்துகொண்டு, அத்தை ஒவ்வொன்றாக வாசிக்க, நான் ஒவ்வொன்றாக வைத்தேன். “மெத்தைக் கடை, நாலு புள்ளி.” “வெச்சாச்சு.” “காட்டுங்க.” காட்டாமல் அடுத்ததற்குப் போக விடவில்லை. திருத்தம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர மறுநாள் மத்தியானம் ஆயிற்று. மூன்று மணிக்கு மெத்தைக்காரர் போன் செய்து, ஓட்டல் மறுபடி அனுப்பிய ஆர்டர் வந்துவிட்டது, அம்மாவுக்கு நன்றி என்றார். அம்மா என்றது அத்தையை. என்னைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

ஒருவரும் உன்னை விட்டுப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்துகொண்டு நாளெல்லாம் எதையோ தட்டுகிறாயே என்று போன வருஷம் ஒரு வார்த்தை சொன்னேன் அல்லவா, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அறுபத்திரண்டு பேருடைய பிழைப்பும் உன் விரல் நுனியில் இருப்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது. இனி உன் மேஜைப் பக்கமே போக மாட்டேன், இது சத்தியம். கண் நன்றாகத் தெளிந்து, கூர்மை கூடி, நீ சந்தோஷமாகத் திரும்பி வர வேண்டும் என்று உன் அத்தையும் நானும் வாழ்த்துகிறோம். சம்பந்தி வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
உன் மாமா

பி.கு.: கடிதத்தை உறையில் போடும் முன், உன் டிஎன்எஸ் பக்கங்களில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கடைசியாக ஒரு முறை பார்த்தேன். சில வரிகளில் ஒற்றைச் சொல்லாக நிற்கும் குட்டிப் பெயர்களுக்கு மட்டும் புள்ளியே இல்லை. புத்தி வருவதற்கு முன்னால் நானே எடுத்துவிட்டுக் குறிக்க மறந்திருப்பேன் போலிருக்கிறது. எழுபத்தோரு இடத்திலும் வைத்து, வரிசை எண்ணையும் கூட்டிவிட்டேன். இதோ, போன் அடிக்கிறது. யாராவது நன்றி சொல்லத்தான் இருக்கும். உன் அத்தை எடுக்க மாட்டேன் என்கிறாள்.