மருமகனை மறிக்க வெள்ளிக்கிழமை வாருங்கள்

கல்முனைக்குடி,
திங்கட்கிழமை, ளுஹர் தொழுகைக்குப் பின்.

கண்ணியத்துக்குரிய மச்சான் அதாவுல்லா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கள் தங்கை முனவ்வறாவும் சுகம். எனக்குச் சீனி வருத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது, அவவுக்குக் கோபம் கொஞ்சம் கூடியிருக்கிறது. எனக்கு மருந்து எடுக்கிறோம். உங்கள் மனைவி ஸம்ஸியா ராத்தாவின் முழங்கால் நோவு குறைந்து, உங்கள் வயலும் மழைக்கு முந்தி அறுத்து ஏறியிருக்க வேண்டும் என்று துஆச் செய்கிறேன். இந்தக் காலத்தில் போன் எடுக்காமல் கடிதமா என்று கேட்பீர்கள். போனில் உங்களிடம் ஒரு விஷயத்தைச் சொல்லி முடித்த மனிதர் கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் யாருமில்லை. கடிதத்தில் நீங்கள் குறுக்கே கதைக்க முடியாது. அதனால் எழுதி, பஸ் கொண்டக்டர் றவூபின் கையில் நாளைக் காலை கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். வருகிற வெள்ளிக்கிழமை நீங்கள் கட்டாயம் இங்கே வந்து, மருமகன் ஸஜாத்தைக் கூப்பிட்டு இருத்தி, மலேசியாவுக்குப் போக வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு பேஸ்போல் பழக்க அவரைக் கேட்டிருக்கிறார்கள். குடும்பத்தோடு வரட்டுமாம், இருக்க வீடும் தருவார்களாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும். அவர் போனால் மகள் றுஸ்தாவும் போவாள், பேத்தி அம்ஹாவும் போவாள். நமது பக்கத்தில் ஆம்பிளைகள் வெளிநாடு போவதும் பெண் வீட்டை வைத்துக்கொண்டு இருப்பதும்தானே வழமை. மகளுக்கு வீட்டைக் கொடுத்து, மாப்பிள்ளையை அதில் கொண்டுவந்து ஏற்றி, பின்வளவில் இரண்டு அறை போட்டு நானும் முனவ்வறாவும் ஒதுங்கியிருப்பது எதற்கு? மகள் அடுத்த நாட்டுக்குப் போய், நாங்கள் பின்னாலிருந்து பூட்டிய வீட்டைப் பார்ப்பதற்கா? இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் நீங்கள். ஆகவே மறிக்க வேண்டியவரும் நீங்கள்தான்.

நீங்கள் இதைக் கொண்டுவந்த விதத்தையும் நான் மறக்கவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன் எங்கள் வீட்டில் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, "பாலமுனைப் பொடியன், தங்கமான புள்ள, தேசிய அணியில பந்து எறியிறான்" என்று சொன்னீர்கள். நாங்களும் முறைப்படி விசாரித்தோம். ஐந்து நேரத் தொழுகை உண்டா, சிகரெட் உண்டா, கோபம் உண்டா, தாயோடு எப்படி என்று எட்டுப் பேரிடம் கேட்டோம். எந்தப் பந்து என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இந்த நாட்டில் பந்து என்றால் ஒரு பந்துதானே? கலியாண அழைப்பிதழில் 'தேசிய கிரிக்கெட் வீரர்' என்று தங்க எழுத்தில் அடித்தேன். கலியாணத்தன்று ஊர்ப் பிள்ளைகள் முப்பது பேர் கிரிக்கெட் மட்டையோடு கையெழுத்துக்கு வந்து நின்றார்கள். ஸஜாத் என்ன செய்தார் தெரியுமா? மாமனாரைச் சபையில் வெட்கப்படுத்தக் கூடாதென்று முப்பது மட்டையிலும் கையெழுத்துப் போட்டார். உண்மை தெரியாத நான் அடுத்த இரண்டு மாதமும் டீவியில் மெட்ச் ஒன்று விடாமல் பார்த்தேன், மருமகனைக் காணவில்லை. காயமாக்கும் என்று துஆவும் கேட்டேன். கடைசியில் அவரே மெதுவாகச் சொன்னார், "மாமா, நான் விளையாடுறது வேற சாமான்" என்று.

அந்த வேற சாமானை விளங்கிக்கொள்ள எனக்கு நாலு வருஷம் போனது. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்தாறு வருஷம் மதகு திறந்து மூடியவன் நான். தண்ணீர் எங்கே போகும் என்று சொல்வேன், இந்தப் பந்து எங்கே போகும் என்று சொல்ல மாட்டேன். அடித்தவன் மட்டையைப் போட்டுவிட்டு ஓடுகிறான். அடிக்காதவனும் சில நேரம் ஓடுகிறான். ஒரு கையில் மட்டும் பெரிய தோல் உறை. ஒற்றைக் கையுறையோடு அலைகிறாரே என்று எனக்குப் பாவமாகி, பெருநாளைக்கு மற்றக் கைக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன், வெல்டிங் வேலைக்காரர் போடுகிற சாதி. மனிதர் முகம் கோணாமல் போட்டுப் பார்த்து, "அளவு சரி மாமா" என்றார். இன்றைக்கும் அலுமாரியில் மடித்து வைத்திருக்கிறார். இப்படியான மருமகனை நீங்கள் கொண்டுவந்ததுதான் இப்போது எனக்கு வந்த வினை. கெட்டவனாக இருந்தால் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பேன்.

போன வருஷம் அவருக்கு முப்பத்திநாலு வயது. தோள்மூட்டில் நோவு. கொழும்பில் அவரை வேலைக்கு வைத்து விளையாட விட்ட கம்பனி, இளம் வீரர்களுக்கு இடம் கொடுக்கிறோம் என்று வாட்ஸ்அப்பில் மூன்று வரி அனுப்பியது. நாலாவது வரியில் ஒரு கட்டைவிரல் படம். நான் அறுபதில் ஓய்வுபெற்றபோது மாலை போட்டார்கள், சுவர் மணிக்கூடு தந்தார்கள், என்ஜினியர் அரைமணி நேரம் பேசினார், நான் முக்கால் மணி நேரம் பேசினேன். மூன்று நாட்டில் போய் நமது கொடியை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு எறிந்துவிட்டு வந்த பிள்ளைக்கு ஒரு கட்டைவிரலா? எனக்கு மனம் பொறுக்கவில்லை. நானே வீட்டு முற்றத்தில் ஒரு பிரிவுபசாரம் வைத்தேன். நாற்பது பேர் வந்தார்கள். மாலை, மணிக்கூடு, என் பேச்சு எல்லாம் நடந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "மருமகன், ஒண்ட எறிஞ்சி காட்டுங்களன்" என்று சபையில் கேட்டது நான்தான். மதிலுக்கு மேல் வெறும் தயிர்ச்சட்டி ஒன்றை வைத்தோம். எறிந்தார். சட்டி தூள். சபை கைதட்டியது. ஆனால் சட்டியோடு பந்து நிற்கவில்லை, பின்னால் என் அறைக் கூரையிலிருந்த டிஷ் அன்டனாவையும் வளைத்துவிட்டுப் போனது. நானும் அவரும் கூரையில் ஏறி அதை நிமிர்த்தப் போனோம். உங்கள் தங்கை கீழே நின்று, "ரெண்டு பேரும் மேல ஏறி எந்தக் கிரகத்துக்குப் போகப் போறீங்க?" என்று நாற்பது பேருக்கும் கேட்கச் சத்தம் போட்டா.

கிரகம் என்று அவ குத்திக் கதைத்ததற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். வாடகை டெக் எடுத்துப் படம் பார்த்த காலத்திலிருந்து எனக்கு அந்தப் பழைய ரொக்கட் படங்களில் பைத்தியம். கறுப்பு வெள்ளை, பறக்கும் தட்டு, தகரத்தால் செய்த மனிதன், ரப்பர் உடுப்புப் போட்ட பூதம். குடும்பத்தோடு கூச்சமில்லாமல் பார்க்கக்கூடிய வெளிநாட்டுப் படம் அது ஒன்றுதான். ஆணும் பெண்ணும் கிட்ட வருகிற நேரம் பார்த்துத் தட்டு வந்து இறங்கிவிடும். மற்றவர்கள் சிரிப்பார்கள். தட்டைத் தொங்கவிட்ட நூல் தெரியுது வாப்பா என்பாள் றுஸ்தா. நூல் எனக்கும் தெரியும், கண் குருடா? அந்த நூலை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போய்விட்டு வந்தவர்களை மதிக்க வேண்டாமா? ஸஜாத் ஒருநாளும் சிரித்ததில்லை. கொழும்பிலிருந்து லீவில் வருகிற வெள்ளிகளில் ஜும்ஆவும் சோறும் முடிய என் அறைக்கு வந்து நிலத்தில் சாய்ந்துகொண்டு கூடவே பார்ப்பார். விளையாட்டை விட்டு வந்த பிறகு ஒவ்வொரு வெள்ளியும் வருகிறார். மச்சான், எனக்கு ஆண்பிள்ளை இல்லை. பக்கத்தில் ஒருத்தர் இருந்து படம் பார்ப்பது இவ்வளவு சுகம் என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது.

மறுபக்கத்தையும் எழுதத்தான் வேண்டும். அவரை டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் சேர்த்துவிட்டேன். முதல் கிழமையே சாமான் வாங்க வந்த ஒருத்தர் பைப் மூட்டு ஒன்று கேட்க, கடையின் அந்தக் கடைசித் தொங்கலிலிருந்து இவர் எறிந்தாராம். சரியாகக் கைக்குத்தான் போனது. ஆனால் பைப் மூட்டு வாங்க வருகிற மனிதன் அதற்கு ஆயத்தமாக வருவதில்லையே. முதலாளி நல்லவர், ஒன்றும் சொல்லவில்லை, இவரைப் பில் எழுதுகிற மேசையில் இருத்திவிட்டார். அங்கே இருக்கிறார். காலையில் போகிறார், பின்னேரம் வருகிறார், வந்து கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். அந்த நேரம் வலது கை விரல்கள் தம்பாட்டில் எதையோ பிடித்துத் திருப்பும். அவருக்கே தெரியாது. றுஸ்தா ஒருநாள் என்னிடம் வந்து, "வாப்பா, அவர் அந்த மேசையில இரிக்கிறதப் பார்க்க எனக்கு ஏலாம இரிக்கி" என்று அழுதாள். பழகப் பழகச் சரிவரும் மகள் என்றேன். பழகிவிடுவாரோ என்று எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

போன மாதம் பார்த்த படத்தில் தகர மனிதன் ஒருத்தன். ரொக்கட் ஏதோ கிரகத்தில் விழுந்து உடைய, இரவு பகலாக நின்று அதைத் திருத்திக் கொடுப்பதே அவன்தான். கடைசியில் கிளம்புகிற நேரம், பாரம் கூடினால் ரொக்கட் எழும்பாது என்று அவனை அங்கேயே விட்டுவிட்டு ஏறுகிறார்கள். அவன் கீழே நின்று கையைக் காட்டுகிறான். படம் முடிந்தும் ஸஜாத் எழும்பவில்லை.

"மாமா, அந்தத் தகர மனிசன் என்ன பிழை செஞ்சவன்?" என்று கேட்டார்.

"பிழை ஒண்டும் இல்ல மகன். பாரம் கூடித்து, அவ்வளவுதான்" என்றேன்.

"அவனுக்குத் தெரியுமா, உட்டுத்துப் போறாங்க எண்டு?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் கையக் காட்டுறான்?"

தேத்தண்ணி கொண்டு வாறன் என்று எழும்பிப் போய்விட்டேன். அடுத்த கிழமைதான் மலேசியாவிலிருந்து அந்தச் செய்தி வந்தது. வந்த அன்று பின்வளவில் அம்ஹாவை நிறுத்தி, தோடம்பழம் ஒன்றை எப்படிப் பிடிப்பது, எந்த விரலை எங்கே வைப்பது என்று பழக்கினார். ஐந்து வயதுப் பிள்ளை. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் சிரித்த சத்தம் அன்றுதான் கேட்டது. எறிந்த தோடம்பழம் என் சாய்மனைக் கதிரையில் வந்து விழுந்தது, நான் அதில்தான் இருந்தேன்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, அப்படியானால் போகட்டுமே மீராமுகைதீன் என்று நீங்கள் சொல்லக்கூடும். சொல்லாதீர்கள். உங்கள் மூன்று மகள்களும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். எனக்கு ஒன்றே ஒன்றுதான். நான் நேரே வேண்டாமென்றால் மாமா சுயநலத்துக்குச் சொல்கிறார் என்று நினைப்பார், அது உண்மையும்தான். நீங்கள் சொன்னால் குடும்பத்து மூத்தவர் சொன்னது என்று எடுப்பார். கொஞ்சம் கடுமையாகச் சொல்லுங்கள், ஆனால் மனம் நோகாமல். வழமை, மார்க்கம், மலேசியாவின் வெக்கை, எதை வேண்டுமானாலும் இழுத்துச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு முனவ்வறா மாட்டிறைச்சி ஆக்குவா.

ஸம்ஸியா ராத்தாவுக்கும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் எங்கள் ஸலாம். உங்கள் ஆயுளிலும் விளைச்சலிலும் அல்லாஹ் பறக்கத்தைச் சொரிவானாக. ஆமீன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்,
மீராமுகைதீன்
(ஓய்வுபெற்ற நீர்ப்பாசன வேலை மேற்பார்வையாளர்)

பி.கு: மேலே உள்ளதை முடித்து உறையில் போடுகிற நேரம் அஸருக்கு பாங்கு சொன்னது. தொழுதுவிட்டு வர, ஸஜாத் கடையிலிருந்து நேரத்தோடு வந்து என் அறை வாசலில் நிற்கிறார். கையில் போன். "மாமா, மலேசியாக்கு வர ஏலாது எண்டு எழுதித்தன். இன்னம் அனுப்பல்ல. உங்களுக்கு ஒருக்காக் காட்டித்து அனுப்புவம் எண்டு வந்த" என்றார். ஆங்கிலத்தில் நாலு வரி. குடும்பக் காரணம் என்று போட்டிருந்தது. நான் கேட்கவேயில்லை, மச்சான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டிருக்கிறார். நான் ஆசைப்பட்டது கையில் வந்துவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஒரு மனிதன் தனக்குத் தெரிந்த ஒரே தொழிலை எனக்காகக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு நிற்கிறதைப் பார்க்க எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அழிங்க மகன்" என்றேன். "மாமா?" என்றார். "அழிச்சித்து, வாறன் எண்டு எழுதுங்க. மூண்டு பேரும் வாறம் எண்டு எழுதுங்க" என்றேன். மனிதர் எழுதினார், ஆனால் அனுப்ப விரல் வரவில்லை. நான்தான் பொத்தானை அமர்த்தினேன். அது போய்விட்டது. உங்கள் தங்கைக்குச் சொன்னேன், அவ இன்னும் என்னோடு கதைக்கவில்லை, ஆனால் றுஸ்தாவின் பெட்டியை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கித் துடைத்துக்கொண்டிருக்கிறா.

ஆகவே மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். ஆனால் வெள்ளிக்கிழமை கட்டாயம் வாருங்கள். ஞாயிறு வரைக்கும் மனம் மாறினால் அறிவிக்கலாமாம். ஸஜாத்தை நீங்கள் மறிக்கத் தேவையில்லை. அந்த இரண்டு நாளும் என்னை மறிக்க ஒரு ஆள் வேண்டும்.