தெலுங்குப் பரீட்சையில் நான் தவறிய விவரம்

திருத்தணி,
18-2-1946

மகா-ராஜ-ராஜ-ஸ்ரீ கஜபதி பாவா அவர்கள் சமூகத்திற்கு, மைத்துனன் வேதாசலம் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் ரஞ்சிதமும் தணிகைநாதன் கிருபையால் சௌக்கியம். அவ்விடம் தங்கள் சௌக்கியத்துக்கும் அக்காளின் சளி இறங்கியதா என்பதற்கும் இரண்டு வரி எழுதினால் மனசு நிம்மதிப்படும்.

பட்டணத்தில் தங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள இங்கிலீஷ் மருந்துக் கடையில் கம்பவுண்டர் தேவை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அந்த இடம் இன்னும் காலியாக இருந்தால் எனக்காக ஒரு வார்த்தை சொல்லி வைக்கவும். பதினெட்டு வருஷமாக ஒரே ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கியவனுக்கு நாற்பத்தாறு வயசில் இதென்ன புத்தி என்று அக்காள் கேட்பாள். ஆகையால் ஆதியோடந்தமாக எழுதுகிறேன்.

நம் ஊர் சித்தூர் ஜில்லாவில் சேர்ந்தது. பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து வரும் நோயாளிகளில் பாதிப் பேருக்கு வீட்டில் தெலுங்கு, சந்தையில் தமிழ். அவர்களோடு பேசிப் பேசியே எனக்கும் ஒரு தெலுங்கு வந்துவிட்டது. "எக்கட நொப்பி?" என்றால் வலிக்கிற இடத்தைக் காட்டுவார்கள், "நாலுக சூபிஞ்சு" என்றால் நாக்கை நீட்டுவார்கள், அதற்கு மேல் ஆஸ்பத்திரிக்கு என்ன வேண்டும்? ஆனால் ஐப்பசியில் மேலிடத்து உத்தரவு வந்தது. தெலுங்கு தாய்பாஷையாக இல்லாத சிப்பந்திகள் எல்லாரும் மாசிக்குள் தெலுங்குப் பரீட்சை தேற வேண்டும், தவறினால் பங்குனியோடு வேலை இல்லை. எழுத்து ஒரு பாகம், பேச்சு ஒரு பாகம், இரண்டிலும் தேற வேண்டும்.

எழுத்தே தெரியாதவன் என்ன செய்வேன்? தெலுங்கு சொல்லிக்கொடுக்கும் வீராசாமி பண்டிதரிடம் போனேன். "கொஞ்சம் பேசிக் காட்டுங்க" என்றார். நாக்கை நீட்டச் சொல்லிக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு, "கம்பவுண்டர் ஐயா, நீங்க பேசறது தெலுங்கு இல்லீங்க. சந்தை கலைஞ்சப்புறம் கூட்டித் தள்றாங்களே, அது" என்றார். அன்று முதல் மூன்று மாதம் காலையில் செய்யுள், சாயங்காலம் இலக்கணம். ஆஸ்பத்திரியிலும் சுத்தத் தெலுங்கைத் தவிர வேறு எதற்கும் வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் நாக்கு பழையபடி கெட்டுப்போகும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். நானும் அப்படியே பேசினேன். நோயாளிகள் முன்னைவிட மரியாதையாகத் தலையாட்டினார்கள். ரஞ்சிதம்கூட, "பேச்சு வந்ததிலேருந்து மொகத்துல ஒரு களை வந்துகீது" என்றாள்.

இப்படி இருக்கையில் தை மாதம் ஜெயம்மா என்கிற பெண்பிள்ளை உடம்பெல்லாம் சொறியோடு வந்தாள். கந்தகக் களிம்பு கொடுத்து, "ஈ லேபனமுனு தினமுனகு ரெண்டு பர்யாயமுலு உபயோகிம்பவலெனு" என்றேன். இந்தக் களிம்பைத் தினம் இரண்டு தரம் உபயோகிக்க வேண்டும் என்று அர்த்தம். முன்னெல்லாம் "பூசுகோ அம்மா" என்பதோடு முடிந்துவிடும். அவளும் கும்பிட்டுவிட்டுப் போனாள். நாலாம் நாள் அவள் புருஷன் பங்காரு வந்தான்.

"ஐயா, லேகியம் நல்லாத்தான் கீதாம். காலையில ஒரு நெல்லிக்கா அளவு, சாயங்காலம் ஒரு நெல்லிக்கா அளவு, தேன் ஊத்தித் துன்னுகினு வரா. அரிப்புதான் போவல. வயிறு போவுது. மூணு நாளா ஊட்டுக்கும் கொல்லைக்கும் நடந்துகினே கீறா."

பாவா, கந்தகம் பேதிதான் ஆக்கும், உயிருக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் அதே அலமாரியில் அடுத்த தட்டில் இருப்பதெல்லாம் அப்படிப்பட்ட சாதுவான சரக்கு அல்லவே. டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு, பங்காருவோடு ஐந்து மைல் நடந்து போனேன். ஜெயம்மா சோர்ந்து படுத்திருந்தாள். கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தேன். "புரியலைன்னா ஏம்மா என்னை ஒரு வார்த்தை கேக்கல?" என்றேன். "நீ கதை சொல்ற பாகவதர் மாதிரி பேசுன நைனா. நடுவுல பூந்து கேக்கறது எப்படி? கூச்சமா இருந்துச்சி" என்றாள். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சு என்னை அறுத்துக்கொண்டே வந்தது.

மறுநாளே ஒரு சோதனை ஆரம்பித்தேன். மருந்து வாங்குகிறவர் எவரானாலும், எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று எனக்குத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் படி இறங்கலாம். இருபது பேருக்குப் பண்டிதர் தெலுங்கு, இருபது பேருக்கு என் பழைய தெலுங்கு. பண்டிதர் தெலுங்கைக் கேட்ட இருபது பேரும் தலையாட்டினார்கள், நாலு பேர்தான் சரியாகத் திருப்பிச் சொன்னார்கள். (பயப்பட வேண்டாம், மீதிப் பேருக்கும் புரியும்படி சொல்லியே அனுப்பினேன்.) பழைய தெலுங்கைக் கேட்டவர்களில் பத்தொன்பது பேர் சரி. இருபதாவது ஆசாமிக்கு இரண்டு காதும் செவிடு. இதையெல்லாம் ஒரு காகிதத்தில் கோடு போட்டு எழுதி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கரி பஸ்ஸில் புகை குடித்துக்கொண்டு சித்தூர் போய்ச் சேர்ந்தேன்.

எழுத்துப் பரீட்சை தேறிவிட்டேன். பண்டிதர் புண்ணியம். பேச்சுப் பரீட்சைக்குத் தலைப்பாகை வைத்த ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். சூரியோதயத்தை வர்ணிக்கச் சொன்னார். செய்யுள் மூன்று நுனிநாக்கில் நின்றது. வாயைத் திறந்தேன், ஜெயம்மாவின் முகம் வந்து நின்றது. "ஐயா, சூரியன் வரும்போது நான் புட்டி கழுவிக்கொண்டிருப்பேன்" என்று என் தெலுங்கிலேயே ஆரம்பித்து, லேகியக் கதை முழுக்கச் சொல்லி, காகிதத்தையும் எடுத்து வைத்தேன். பெரியவர் தலைப்பாகை அவிழ்கிற மாதிரி சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஐம்பதுக்குப் பன்னிரண்டு போட்டார்.

"நான் சொன்னது தங்களுக்குப் புரியவில்லையா?" என்றேன்.

"ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது" என்றார் அவரும் தெலுங்கில். "உச்சரிப்புக்கு மார்க் உண்டு, இலக்கணத்துக்கு உண்டு, அலங்காரத்துக்கு உண்டு. புரிவதற்கு என்று இந்தத் தாளில் கட்டமே இல்லையே அப்பா! நான் எங்கே போடுவேன்?" காகிதத்தை மட்டும் தாமே வைத்துக்கொண்டார்.

எனக்கு அவர்மேல் கோபமில்லை. ஆனால் பங்குனியோடு வேலை போகும். ரஞ்சிதம் பாத்திரங்களைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். ஆகவே மருந்துக் கடை விஷயத்தில் தாங்கள்தான் துணை. அங்கே தமிழ் ஒன்றே போதும் என்று நம்புகிறேன்.

அக்காளுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். தங்கள் குடும்பம் பால் பொங்கியதுபோல் பொங்கி நிறைய மலைமேல் இருப்பவன் பார்த்துக்கொள்வான்.

தங்கள் அன்புள்ள மைத்துனன்,
வேதாசலம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுகிற சமயத்தில் டாக்டர் கூப்பிட்டனுப்பினார். கடையில் என் பேரைச் சொல்ல வேண்டாம். சொல்லியிருந்தால் நான் குணம் கெட்டவன் என்று ஏதாவது சொல்லிக் கலைத்துவிடவும். உத்தரவு டாக்டருக்கும் உண்டாம், தவணை மட்டும் ஆடிப் பரீட்சை வரை. அவர் திருநெல்வேலிக்காரர், தெலுங்கில் ஓர் எழுத்தும் அறியார். வாத்தியார் வேண்டுமென்று எழுதிக் கேட்டதற்கு, அந்தத் தலைப்பாகைப் பெரியவர், "நோயாளியோடு பேசக் கற்பிக்கத் தங்கள் கம்பவுண்டரைவிடத் தகுந்தவர் ஜில்லாவில் இல்லை" என்று சிபாரிசு செய்துவிட்டார். ஆதலால் டாக்டர் தேறும்வரை என்னை விலக்கக் கூடாது என்று மேலிடத்துத் தந்தி. ஆனாலும் நான் தவறியது தவறியதுதானாம். ஆடியில் குருவும் சிஷ்யனும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும். டாக்டர் மகா கெட்டிக்காரர், இன்று முதல் பாடத்திலேயே பிடித்துக்கொண்டார். அதுதான் கவலையாக இருக்கிறது. அவர் தேறி நான் மறுபடியும் தவறிவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது. அவர் கொஞ்சம் மெதுவாகக் கற்றுக்கொள்ளும்படி அக்காளைச் சுவாமிக்கு வேண்டிக்கொள்ளச் சொல்லவும்.